கடற்பூவுக்கு இறால் வறை

நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் சோமசேகரத்தின் நாக்குக்குத் துடக்குத் தீட்டு வந்த மாதிரி. இருபத்தைந்து நாளும் மீன், இறால் என்று மச்சம் எதுவும் கூடாது. மனைவி ஞானாம்பிகையின் சட்டம் அது. வெளியில் தின்றுவிட்டு வந்தாலும் அவளுடைய மூக்கு விடாது. இறால் இல்லாமல் இருபத்தைந்து நாளா? ஐயோ பாவம், மனிசன் என்ன செய்வார்?

இந்த வருசம், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரான அவருடைய மூளை வேலை செய்தது. கண்ணாடித் தொட்டி ஒன்றில் கடல்தண்ணீரும் அதற்குள் ஒரு கடற்பூவுமாகக் கொண்டுவந்து பின்வளவுக் கொட்டிலில் வைத்தார்.

“உதென்ன பூ? வடிவாய்க் கிடக்கு. சாமிக்கு வைக்கலாமோ?” என்றாள் ஞானாம்பிகை.

“விசர்க்கதை கதையாதையும். இது பூவில்லை, சீவன். நடுவிலை வாய் இருக்கு. நாளாந்தம் இறால் குடுக்காட்டில் செத்துப்போம். திருவிழா நேரம் உயிர் போனால் பாவம் ஆருக்கு?”

“சரி, ஒரு பச்சை இறாலைப் போடுவம்.”

“சீச்சீ! பச்சையாய்ச் செமிக்காது. சின்னனாய் அரிஞ்சு, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கவேணும்.”

“கடலுக்கை ஆர் உதுக்கு வறை வறுத்துக் குடுத்தது?”

“கடலிலை ஓடியாடித் திரியும். இஞ்சை அடைபட்டுக் கிடக்கு, வாய்வு பிடிக்கும். அதுதான் உள்ளிப்பூண்டு கொஞ்சம் கூடப் போடவேணும். செத்தல் மிளகாயும்.”

“தேசிக்காய்ப் புளி?”

“ஓம், ஓம்! இறக்கின பிறகு விடவேணும்.” அவருக்கு வாயூறியது.

ஞானாம்பிகை அவரை மேலும் கீழும் பார்த்தாள். “கோயிலுக்குப் போற கையாலை நீங்கள் மச்சம் தொடவேண்டாம். மீன்காரி சின்னத்தங்கத்திட்டைச் சொல்லிவிடுறன். கொட்டிலுக்கை எல்லாம் வந்து இருக்கும்.”

சோமசேகரத்துக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பின்னேரம் பார்த்தால் வாழையிலைப் பொட்டலம். கொட்டில் முழுக்கத் தொட்டியின் கடல் மணம், ஞானாம்பிகையின் மூக்குக்கும் பிடிபடாது. ஒரு கிள்ளு தொட்டிக்குள், மிச்சமெல்லாம் வயிற்றுக்குள்!

ஆனால் கடற்பூ அந்தக் கிள்ளை வாங்கி, கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுத் துப்பியது. அடுத்த நாளும் துப்பியது.

“நாளைக்கு உப்பைக் குறைக்கச் சொல்லும்,” என்றார் மனைவியிடம்.

துப்பியது. உள்ளியைக் கூட்டச் சொன்னார். அதற்கும் துப்பியது. ஒன்றும் தின்னாத சீவன் நாளுக்கு நாள் கொழுத்தும் வந்தது! என்ன கண்றாவி இது? பழுதான இறாலோ? கடலில் பிறந்ததற்கு விளங்கியது தனக்கு விளங்கவில்லையோ? நினைக்க நினைக்க அவருக்கு உயிர்ப்பயம் பிடித்துவிட்டது.

பத்தாம் நாள் காலை லீவு போட்டுவிட்டுக் கொட்டிலில் காத்திருந்தார். சின்னத்தங்கம் வந்தாள். கடகப்பெட்டியிலிருந்து ஒரு பச்சை இறாலை எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். கடற்பூ லபக்கென்று விழுங்கியது.

“எடியே, வறை எங்கை?”

“என்ன வறை ஐயா? நாளுக்கு ஒரு பச்சை இறால் போடச் சொல்லித்தானே அம்மா சொன்னவ.”

சோமசேகரம் குசினிக்கு ஓடினார். ஞானாம்பிகை வாழைப்பூப் பொத்தியைப் பொடிப்பொடியாக அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உள்ளி, செத்தல், தேசிக்காய். எல்லாம் தயார்.

“இதையோ... இதையோ நான் பத்து நாளாய்...?”

“ஓமப்பா,” என்றாள் அவள், அரிவதை நிறுத்தாமல். “கலியாணம் முடிச்ச இருபது வருசத்திலை இந்த வருசந்தான் நீங்கள் ஒழுங்காய் விரதம் பிடிச்சிருக்கிறியள்.”