இழுவையரின் சோலார் பெட்டி

சாமான் வாங்க வந்தவரோடு "விற்கமாட்டேன்" என்று சண்டை பிடித்த கடைக்காரரை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். மல்லாவியில் கடை வைத்திருக்கிறார். சோலார் பெட்டி விற்பது அவருடைய தொழில். அதை எவர் கையிலும் கொடுத்துவிடாமல் காப்பாற்றுவது அவருடைய வாழ்க்கை.

சோலார் பெட்டி என்றால் கூரையில் பூட்டுவதல்ல. கைபிடி வைத்த பெட்டி. விரும்பிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். தகட்டை வெயிலில் விரித்து வைத்தால் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கரண்ட் நின்றால் வயரைச் செருக வேண்டியதுதான். நாலு துளி மழைக்கே கரண்ட் நின்றுவிடும் எங்கள் பக்கத்தில் அது சுடச்சுட விற்கவேண்டிய சாமான்.

ஆனால் கடைக்குள் ஒருவர் கால் வைத்தால், "வாங்கோ" என்பதற்கு முதலே அவர் கேட்பார்: "வீட்டிலை என்ன இழுவை?" வீட்டுச் சாமான்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று அர்த்தம். அதனால்தான் அவருக்கு இழுவையர் என்று பெயர். அவர் ஒரு கதையைத் தொடங்கினால் பின்னேர பஸ்ஸும் போய்விடும், அதனால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே சரிதான்.

கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர், "இருக்கிறதிலை பெரிய பெட்டியைத் தாங்கோ, அம்மாவுக்கு" என்றார்.

"அம்மாட்டை என்ன இருக்கு?"

"ரெண்டு பல்ப், ஒரு ஃபான்."

"அதுக்கு உந்தச் சின்னன் காணும்."

"நான் காசு தாறன்தானே?"

"காசு நீங்கள் தருவியள். ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு போய் வெயிலுக்கை வைக்கிறது ஆர்? நீங்கள் கனடாவிலையிருந்து வந்து வைப்பியளோ?"

அவர் கோபித்துக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினார். இழுவையர் ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு தேநீர் குடித்தார்.

இன்னொருவர், பெட்டி பெரிசு, அது எதையும் தாங்கும் என்று வாதாடினார். இழுவையர் அவரை வெளியே கூட்டிவந்து குளம் இருக்கும் திசையைக் காட்டினார். "வவுனிக்குளம் எவ்வளவு பெரிசு? ஆனா வயலுக்குத் தண்ணி துருசுக் கதவாலைதானே வருது? பெட்டிக்குள்ளை எவ்வளவு கிடக்கெண்டது குளம். ஒரேயடியா எவ்வளவு விடுமெண்டது துருசு. உங்கட பிரிட்ஜ் தொடங்கேக்கை ஒரு இழுவை இழுக்கும். அந்த இழுவைக்குத் துருசு காணாது!" துருசை விளங்கிக்கொண்ட அந்த மனிதர் பெட்டியை மறந்து வயலுக்குப் போய்விட்டார்.

வேறெங்கோ பெட்டி வாங்கிய ஒரு வீட்டில் அதைக் கிணற்று மோட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிட்டது. செய்தி கேட்டு இழுவையர் செத்தவீட்டுக்குப் போவதுபோல் வேட்டி கட்டிக்கொண்டு போனார். கதிரையில் அமர்ந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "எப்பிடி நடந்தது? கடைசியா என்ன குடுத்தனீங்கள்?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். வீட்டுக்காரி தன்னையறியாமல் அழுதுவிட்டாளாம்.

எங்கள் முறையும் வந்தது. அப்போது நாங்கள் மல்லாவியில் உள்ளே தள்ளி ஒரு ஒழுங்கையில் குடியிருந்தோம். என் மனைவி வதனிக்கு ஒரு சோலார் பெட்டி வேண்டும், அதில் மின்சாரக் கேத்திலில் தேநீர் போட வேண்டும். இழுவையர் தன்னுடைய மீற்றரோடு வீட்டுக்கே வந்தார். அயன்பெட்டி, ஃபான், பிளெண்டர், நுளம்பு அடிக்கும் மட்டை என்று ஒவ்வொன்றாய்ச் செருகிப் பார்த்தார். கேத்திலைச் செருகியதும் மீற்றரைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்.

"தங்கச்சி, இது கேத்தில் இல்லை, யானை. தண்ணி விறகிலை கொதிக்கும், சோறும் விறகிலை அவியும். விறகு செய்யேலாத வேலைக்குத்தான் பெட்டி. உங்கட ஃபானுக்கு யன்னல் காணும், வேறை அப்பிடி ஒண்டும் இல்லை. உங்களுக்குப் பெட்டி தேவையில்லை."

"இந்த இழுவையரை இனி வளவுக்கை விடாதேங்கோ" என்றாள் வதனி, அவர் படலை தாண்டுவதற்குள்ளேயே.

அவருக்குக் காட்டாத ஒரு சாமான் எங்கள் வீட்டில் இருந்தது. வதனிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு வருத்தம், அதாவது ஆஸ்துமா. மருந்தைப் புகையாக்கி மூக்கில் பிடிக்கிற மெசின் ஒன்று அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் இருந்தது. வருத்தக்காரி என்று ஊர் கதைக்கும் என்று அதை எவர் கண்ணிலும் காட்டமாட்டாள்.

அந்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. ஒழுங்கை முழுக்க இடுப்பளவு தண்ணீர். காலையிலேயே கரண்ட் நின்றுவிட்டது. மத்தியானம் வதனிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கையில் வைத்திருக்கும் மருந்துப் பம்பை அடித்தும் குறையவில்லை. மெசின் இருக்கிறது, மருந்து இருக்கிறது, கரண்ட் இல்லை. என் மோட்டார் சைக்கிள் தண்ணீருக்குள் நின்றது. எனக்கு இழுவையரைத் தவிர வேறெவரும் நினைவில் வரவில்லை.

"அண்ணை, சரியா இழுக்குது! கரண்டும் இல்லை!" என்று போனில் கத்தினேன்.

"பதறாதேங்கோ தம்பி. தொடங்கேக்கை மட்டும் கூட இழுக்குதோ, ஒரே சீரா இழுக்குதோ?"

"வரவரக் கூட இழுக்குது அண்ணை!"

"அப்ப உள்ளுக்கை ஏதோ இறுகிட்டுது. எத்தினை வருசத்துச் சாமான்?"

"சாமான் இல்லை அண்ணை, மனுசி! வதனிக்கு நெஞ்சு இழுக்குது!"

மெசினைப் பற்றிச் சொன்னேன்.

"அதின்ரை அடியிலை எத்தினை வாட்ஸ் எண்டு போட்டிருக்கு?"

வாசித்தேன்.

"பெட்டி தாங்கும். வாறன்."

யாருடையதோ ஒரு உழவு மெசினில் வந்து இறங்கினார். மழைக்கோட்டைப் பெட்டிக்குப் போட்டிருந்தார். அவர் தலை முதல் கால் வரை தெப்பமாய் நனைந்திருந்தார். வதனியின் உதடு அப்போது கறுத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தபடியே வயரைச் செருகினார். பழக்கதோஷத்தில் மீற்றரையும் வெளியே எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அதைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். அவர் அளக்காமல் செருகியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மருந்து மெசின் உறுமியது. புகை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல அவளுடைய மூச்சு இறங்கி வந்தது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி அவள் முதல் வார்த்தை பேசினாள்.

"அண்ணை... அப்ப இதிலை கேத்தில் போடலாமோ?"

"ஏலாது!" என்று கத்திவிட்டு இழுவையர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது மழைத் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அதே உழவு மெசினில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இந்த முறை மழைக்கோட்டு வதனிக்கு. பெட்டி இழுவையரின் மடியில், சட்டைக்குள் பாதியும் வெளியே பாதியுமாய் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அவரே வந்து, "இப்ப உங்கட வீட்டுக்குப் பெட்டி வேணும்" என்று தீர்ப்புச் சொல்லி அதை எங்களுக்கே விற்றார்.

இப்போது நாங்கள் வவுனியாவில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். ஆனாலும் மல்லாவியில் மழை இருட்டினால் இங்கே எங்கள் போன் அடிக்கும்.

"தங்கச்சி, என்ன இழுவை?"

"ஒரு இழுவையும் இல்லை அண்ணை."

"அப்ப சரி."

எந்தக் கதையையும் பொழுதுபடும்வரை இழுக்கிற மனிதர், அந்த ஒரு பதிலோடு வைத்துவிடுவார். அந்தப் போன் வராமல் மழை தொடங்கிவிட்டால், எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.