ஒரு மெக்கானிக் எழுதுகிறார்

திங்கட்கிழமை காலை பல் துலக்கி முடித்ததும் அவர் எழுத்தாளர் ஆகிவிட்டார். அதுவரை வாஷிங் மெஷின் மெக்கானிக். முப்பத்திரண்டு வருட அனுபவம். முழங்கால் இரண்டும் இனி மடங்க மாட்டோம் என்று கொடி பிடித்ததால் தொழிலை நிறுத்தியிருந்தார். எழுதுவதற்கு முழங்கால் எதற்கு? ஒரு நாற்காலி போதாதா?

படிப்பு ஆறாம் வகுப்பு. அதனால் என்ன? எழுத வேண்டிய விஷயம் கைவசம் இருந்தது. ஆறு வருடமாக நெஞ்சுக்குள் ஊறப்போட்டு வைத்திருந்த விஷயம்.

ஆறு வருடத்துக்கு முன் சர்வீஸ் சென்டரில் தலைமை மெக்கானிக் பதவி காலியானது. நியாயமாக அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். மேலாளர் என்ற அந்த மகானுபாவன், பதினோரு பேர் நடுவில் இவர் எழுதிய வேலைச் சீட்டை எலிவாலைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். "இவருக்கு ஸ்க்ரூ திருகத் தெரியும், எழுதத் தெரியாது. இவரை எப்படித் தலைமையில வைக்கிறது?" என்றான். பதினோரு பேரும் சிரித்தார்கள். யார் எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பது அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம். பதவி, ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிக்கிற ஒருவனுக்குப் போனது. இவர் அன்று மாலையே வேலையை உதறினார்.

இனி அவர் எழுதுவார். அது அச்சில் வரும். மேலாளர் அதை வாசிப்பான். 'இவனா எழுதினான்' என்று வயிறெரிவான். இவ்வளவுதான் திட்டம். இதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியிடம் முடிவை அறிவித்தார். அவள் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எதைப் பத்தி எழுதப் போறீங்க?"

"அவனைப் பத்தி."

"அவனைப் பத்தி யாருக்குங்க வேணும்? தண்ணி வடியாம நிக்கிற மெஷினைப் பத்தி எழுதுங்க. பாதி வீட்டுல அதுதான் தலைவலி."

"அதுவும் வரும். முதல்ல அவன் வருவான்."

அவள் கிளிப்பைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இது பழகிய வழி. சென்டரை விட்டபின் அவர் சொந்தமாகத் தொழில் செய்த காலத்தில் போன் எடுத்தது அவள்தான். புது வாடிக்கையாளர் யாராவது கூப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுவாள்: வந்ததும் பத்து நிமிடம் திட்டுவார், வாயைத் திறக்காதீர்கள், பதினோராவது நிமிடம் மெஷின் ஓடும். சொன்னபடி கேட்டவர்கள் வீட்டில் மெஷின் ஓடியது. பதில் பேசியவர்கள் வீட்டில் இருபது நிமிடம் கழித்து ஓடியது.

கீழ்வீட்டில் பிழை திருத்துநர் ஒருவர் இருந்தார். பத்திரிகை ஆபீஸில் முப்பது வருடம் அடுத்தவர் எழுதியதை வாசித்து நொந்து ஓய்வு பெற்றவர். இவர் அவரிடம் போனது ஆலோசனை கேட்க அல்ல. தான் எழுத்தாளர் ஆகிவிட்டதைச் சொல்ல. அவரோ கேட்காமலேயே ஆலோசனையைக் கொட்டிவிட்டார்.

சொந்தமாக எழுதிப் பிழைக்க வருகிறவன் முதலில் எழுதக்கூடாதாம், வாசிக்க வேண்டுமாம். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறானோ அதன் பழைய இதழ் பத்தை எடுத்து, எந்தப் பக்கத்தில் வெளியாள் எழுதுகிறான், எத்தனை வார்த்தை, யாருக்காக என்று பார்க்க வேண்டுமாம். தனக்குத் தெரிந்து பிறருக்குத் தெரியாத ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு விஷயம். கேட்ட அளவுக்கு மேல் ஒரு வரி கூடாது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால் கொடுக்க வேண்டும். அனுப்பிவிட்டு ஆசிரியருக்குப் போன் போடக்கூடாது. திரும்பி வந்தால் ஒப்பாரி வைக்கக்கூடாது. அன்றைக்கே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எழுத உட்கார வேண்டும்.

ஒவ்வொரு 'கூடாது'வும் தன்னைத்தான் திட்டுகிறது என்று அவருக்குப் பட்டது.

"இத்தனை கூடாதுன்னா அப்புறம் எதுக்கு சார் எழுதறது?"

"வாசிக்கிறவங்க வீட்டுல மெஷின் ஓடணும்ல. அதுக்குத்தான்."

மேலாளரும் அன்று சிரித்த பதினோரு பேரும் இருந்த பகையாளிப் பட்டியலில், அந்த ஒரு பதிலுக்காகப் பிழை திருத்துநரையும் பதிமூன்றாவதாகச் சேர்த்தார். ஆனாலும் அவர் கொடுத்த பழைய இதழ்களை வாங்கி வந்தார். அதில் வீட்டுக் குறிப்புகளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. தொழில் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கம். பெயர் போட மாட்டார்கள். அடியில் 'ஒரு தையல்காரர்', 'ஒரு நர்ஸ்' என்று மட்டும் இருக்கும். நானூறு வார்த்தைதான் இடம். தனக்கு மட்டும் இடம் பெரிதாகிவிடும் என்று அவர் நம்பினார்.

நான்கு நாளில் பதினோரு பக்கம் எழுதினார். ஒன்பது பக்கம் மேலாளர். அவன் நடை, அவன் மூக்குக் கண்ணாடி, அவன் காபி உறிஞ்சுகிற சத்தம், அவன் பரம்பரை. பத்தாவது பக்கத்தில் ஒரு வாஷிங் மெஷின் தலை காட்டியது.

அவர் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. அதனால் மனைவி பிரதி எடுத்துத் தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு. மத்தியானம் கொடுத்தார். அவர் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் அவள் தபால் நிலையம் போய்த் திரும்பியிருந்தாள். பதினோரு பக்கத்தை இவ்வளவு சீக்கிரமாகவா என்று வியந்தார். தன் எழுத்து அப்படி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் அது அச்சில் வந்துவிட்டது. பிழை திருத்துநரே இதழைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து காட்டினார். முக்கால் பக்கம். மெஷினின் முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். திறக்கும் முன் அடியில் ஒரு தட்டும் பழந்துணியும் வையுங்கள். உள்ளே இருக்கும் வடிகட்டியை மெதுவாகத் திருகி எடுங்கள். ஊசியோ பட்டனோ காசோ சிக்கியிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட அவசரப்படாதீர்கள். அடியில் 'ஒரு மெக்கானிக்'.

அவ்வளவுதான். மேலாளர் இல்லை. மூக்குக் கண்ணாடி இல்லை. பரம்பரையே இல்லை.

அவருக்குத் தலைக்கேறியது. போன் போடக்கூடாது என்று பிழை திருத்துநர் கையைப் பிடித்துத் தடுத்தார். கையை உதறிவிட்டுப் போட்டார். ஒன்பது பக்கத்தை வெட்டிய கையை ஒடிப்பேன் என்று ஆரம்பித்தார். ஆசிரியர் ஒரு பெண். சாவகாசமாகக் கேட்டார்.

"ஐயா, வந்ததே முக்கால் பக்கம்தான். அழகான கையெழுத்து. ஒரு புள்ளியைக்கூட நாங்க தொடலை. அடுத்தது வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா?"

அழகான கையெழுத்து. அவர் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார்.

"ஒன்பது பக்கத்தையும் கிழிச்சுப் போட்டியா?"

"எதுக்குக் கிழிக்கணும்? அலமாரியில பத்திரமா இருக்கு. மெஷினைத் திறந்ததும் நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? அடைச்சுக்கிட்டு இருக்கிறதை எடுத்து வெளிய போடுவீங்க. நானும் அதைத்தானே பண்ணேன்."

மனிதனுக்குக் கோபம் வரலாம். நியாயமான கோபத்துக்கு முன்னால் இப்படி ஒரு பதில் வரக்கூடாது. அவர் அங்கேயே சபதம் செய்தார். அந்தப் பத்திரிகைக்கு இனி ஒரு எழுத்து எழுத மாட்டார். வெள்ளிக்கிழமையாம் வெள்ளிக்கிழமை. பதினோரு பக்கத்தையும் தன் கையாலேயே மூன்று பிரதி எடுத்து, தானே நொண்டிக்கொண்டு போய், வேறு மூன்று பத்திரிகைகளுக்குச் சேர்த்தார்.

முதல் இடத்திலிருந்து, இது புகார் மனு, காவல் நிலையத்துக்கு அனுப்பவும் என்று ஒரு குறிப்போடு திரும்பியது. இரண்டாவது இடத்திலிருந்து குறிப்பே இல்லாமல் திரும்பியது. மூன்றாவது இடத்திலிருந்து வேறு யாரோ எழுதிய காதல் கவிதை திரும்பி வந்தது. பகையாளிப் பட்டியல் பதினாறானது.

போதாக்குறைக்கு வீட்டிலும் சனி. சபதம் போட்ட நாளிலிருந்து வாரம் ஒரு சாமான் மக்கர் செய்தது. ஒரு புதன்கிழமை மிக்ஸி சுற்றவில்லை. திணித்து அரைத்தால் அது எப்படிச் சுற்றும் என்று அரை மணி நேரம் கத்திவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். சுற்றியது. அடுத்த புதன்கிழமை ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், இதுகூடவா தெரியாது என்று கத்தினார். சோப்புத் தண்ணீரால் ரப்பரைத் துடைத்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தார். மூன்றாவது புதன் இஸ்திரிப் பெட்டி.

திட்டும்போதெல்லாம் மனைவி முக்காலியில் உட்கார்ந்து, தலை குனிந்து, ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். திட்டு வாங்குகிறவள் தலை குனிவது முறைதானே என்று அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு நாள் கீழ்வீட்டில் புது இதழைப் புரட்டினார். மிக்ஸி. அதற்கடுத்த இதழில் ஃப்ரிட்ஜ். அடியில் 'ஒரு மெக்கானிக்'.

"பாருங்க சார் அநியாயத்தை. நான் எழுத மாட்டேன்னதும் வேற எவனையோ பிடிச்சுட்டாங்க. அந்தத் திருட்டுப்பய அப்படியே நான் பேசற மாதிரி எழுதறான்."

பிழை திருத்துநர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்காமல் இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் இவருக்கு உறைத்தது.

மாடிப்படியை முழங்கால் வலி தெரியாமல் ஏறினார். மனைவி மறைக்கவில்லை.

"எழுத மாட்டேன்னுதான் சபதம் போட்டீங்க. பேச மாட்டேன்னு போடலையே."

"அப்ப சாமானெல்லாம் கெட்டது?"

"கெட்டுதா, கெடுத்தேனா, இப்ப என்ன? எல்லாம் ஓடுதுல்ல."

இரண்டாவது சபதம் அப்போதே பிறந்தது. இந்த வீட்டில் எந்த மெஷினையும் இனித் தொட மாட்டார். எந்த மெஷினைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். வீடே பற்றி எரிந்தாலும் சரி.

எட்டாவது நாள் வாஷிங் மெஷின் கிளம்பியது. கிளம்பியது என்றால், நிஜமாகவே. துணி பிழிகிற வேகத்தில் தடதடவென்று குதித்து, இருந்த இடத்தை விட்டு இரண்டடி நடந்து, குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி கெஞ்சவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். அவர் இருந்த அதே சென்டருக்கு.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. கருவிப் பையோடு வாசலில் நின்றது மேலாளர். ஆட்கள் பாதிப் பேர் போய்விட்டார்களாம்; இப்போதெல்லாம் அவனே பையைத் தூக்க வேண்டியிருக்கிறதாம். "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. ஆறு வருடம் மென்று வைத்திருந்த அத்தனை வார்த்தையும் இவர் தொண்டை வரை வந்து, சபதத்தில் முட்டி நின்றது.

மேலாளர் மெஷினைச் சுற்றி வந்தான். காதை வைத்துக் கேட்டான். டிரம்மைக் கையால் சுற்றினான். பின்பக்கத் தகட்டைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். "பேரிங் போயிடுச்சும்மா. டிரம்மையே மாத்தணும்" என்றான்.

மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாற்காலியிலிருந்து அவர் எழுந்தது அவருக்கே தெரியாது.

"காலைப் பாருய்யா. மெஷினோட காலைப் பாரு. மூலையை அமுக்கு. ஆடுதா? ஒரு கால் தூக்கிக்கிட்டு நிக்குது, குதிக்காம என்ன பண்ணும்? காலைப் பார்க்காம கழுத்தை அறுக்கிறியே, உன்னையெல்லாம் எவன் மேனேஜரா வச்சான்?"

அணை உடைந்தது. ஒன்பது பக்கமும் வாய் வழியாக வந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது, காபி வந்தது, பரம்பரை வந்தது, பதினோரு பேர் வந்தார்கள். திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போடாமல் மடங்கியது. காலைத் திருகி உயரத்தைச் சரி செய்து, மேலே இருந்த பூட்டு நட்டை இறுக்கி, மெஷின் தலையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து ஓடவிட்டார். தண்ணீர் தளும்பவில்லை.

மேலாளர் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்திரிகையில 'ஒரு மெக்கானிக்'னு ஒருத்தர் எழுதறாரே, அப்படியே அவர் சொல்ற மாதிரி இருக்குண்ணே. நான் எல்லாத்தையும் வெட்டி சென்டர் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். புதுசா சேர்றவன் அதை மனப்பாடம் பண்ணாம பையைத் தொட முடியாது. என்னமா எழுதறார் மனுஷன்."

அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஆறு வருடம். இதோ, எதிரி வாயாலேயே வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது நான்தான்."

மேலாளர் சிரித்தான். மரியாதையான சிரிப்பு, அதனால் இன்னும் எரிந்தது. இவர் மனைவி பக்கம் திரும்பி, சொல்லு என்றார். அவள் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆமாங்க, எல்லாம் இவர் சொன்னதுதான்" என்றாள்.

"வீட்டுக்காரரை விட்டுக்கொடுப்பீங்களாம்மா" என்று மேலாளர் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"யோவ், நான்தான்யா எழுதினேன். நான்தான்" என்று அவர் போட்ட சத்தத்தில் மெஷின் மேலிருந்த தண்ணீர் தளும்பியது.

மேலாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"விடுங்கண்ணே. அவர் எழுத்துல தேடினாலும் ஒரு கோபம் கிடையாது. அவ்வளவு பொறுமையான மனுஷன் இப்படியெல்லாம் கத்துவாரா?"