‘நான் பேசிக்கிறேன்’ மைத்துனர்

உங்கள் குடும்பத்தில் ‘நான் பேசிக்கிறேன்’ என்று சொல்லும் ஒருவர் இருப்பார். இல்லை என்று சொல்லாதீர்கள், இருப்பார். வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டாரா, வாங்கிய மின்விசிறி மறுநாளே மூச்சை விட்டுவிட்டதா, கல்யாண மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறாரா, வீடே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரே ஒரு குரல் எழும்பும். “நீங்க யாரும் வாயத் திறக்க வேண்டாம். நான் பேசிக்கிறேன்.” அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவர் பேசமாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவார். சொன்ன சொல் தவறாமல் போய்ப் பேசிவிட்டுத்தான் வருவார். வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த ரகத்தை அடையாளம் காண்பது எளிது. கிளம்புவதற்கு முன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, எதிரில் இருக்கும் காலி நாற்காலியைப் பார்த்து விரலை ஆட்டி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஒத்திகை பார்ப்பார். “யோவ், எங்களையெல்லாம் என்னன்னு நெனச்ச?” நாற்காலி பதில் சொல்லாது. முதல் வெற்றி அங்கேயே கிடைத்துவிடும். வீட்டில் ‘யோவ்’ ஆக இருந்த எதிராளி, தெருமுனையில் ‘அந்த ஆள்’ ஆவார். கடை வாசலில் ‘சார்’ ஆவார். உட்கார நாற்காலி கொடுத்துவிட்டாலோ ‘அண்ணே’ ஆகிவிடுவார். ‘அண்ணே’ வந்துவிட்டதென்றால் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பலாம். உங்கள் வழக்கு முடிந்தது.

எங்கள் வீட்டில் இந்தப் பதவியை வகிப்பவர் என் மனைவியின் அண்ணன். நான் எழுதுவதையெல்லாம் என் மனைவி படிப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கமான மனிதர். நான் வைக்கும் குற்றச்சாட்டே அதுதான்.

இந்த விடுமுறையில் என் மகள் ஒரு ஷூ கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினேழு வயது. முதல் வேலை. ஏணியில் ஏறிப் பெட்டியை இறக்குவது, தரையில் மண்டியிட்டு வருகிறவர் காலில் மாட்டிவிடுவது, பத்து ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு ‘அப்புறம் வரேன்’ என்று நடையைக் கட்டுபவரைச் சிரித்த முகத்தோடு வழியனுப்புவது, சிதறிக் கிடப்பவற்றில் இடதுக்கு வலதைத் தேடி மறுபடி பெட்டியில் அடைப்பது. ராத்திரி வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு.

விடுமுறை முடிந்தது. சம்பளம் வரவில்லை. கேட்டால், “இன்னிக்கு வியாபாரமே இல்லம்மா, அடுத்த வாரம் வா.” அடுத்த வாரம் போனால், “நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா. உனக்குக் குடுக்காம எங்க ஓடிடப் போறேன்?” முதலாளி உங்களை நம்ம வீட்டுப் பொண்ணு என்றோ நம்ம வீட்டுப் பையன் என்றோ சொன்னால் உஷாராகிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் கடற்கரைச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். “நான் என் காசுல போறேன்” என்று எல்லோரிடமும் அறிவித்துவிட்டாள். “நான் கட்டறேன்டி, அவன் குடுக்கறப்ப குடுக்கட்டும்” என்றாள் என் மனைவி. மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப நான் செஞ்சது வேலையே இல்லையாம்மா?”

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. “என்ன பிரச்சினை? யார் கடை? விடுங்க, நான் பேசிக்கிறேன்.”

நீங்களே போயிருக்கலாமே என்று என்னைக் கேட்காதீர்கள். இது என்னைப் பற்றிய கட்டுரை அல்ல. நானும் கூடப் போனேன். கடை வாசலில் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

மைத்துனர் புயலாகத்தான் நுழைந்தார். பின்னால் மகள். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்; அதிலும் இறங்கிய இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“சார், இந்த ஷூவோடவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?”

வீட்டு நாற்காலி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. மைத்துனர் தம் காலைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், சண்டை முடிந்துவிட்டது.

“உக்காருங்க சார். டீ சொல்றேன். நீங்க எந்தப் பக்கம்? ஓ, அந்த மருந்துக்கடைக்காரர் உங்களுக்குத் தெரியுமா? நம்ம சகலை சார் அவரு!”

“அட, என்னண்ணே சொல்றீங்க!”

வந்துவிட்டது ‘அண்ணே’. வாசலில் நின்ற நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே பார்த்தால் அதற்கு மேலும் நடக்கிறது. முதலாளி வெகு இயல்பாக, “அம்மா, மேல் தட்டுல அந்தப் பழுப்பு நிறப் பெட்டிய எடு” என்கிறார். என் மகளும் பழக்க தோஷத்தில் ஏணியை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். இறங்குகிறாள். சொந்த மாமாவின் முன்னால் மண்டியிட்டு ஷூவை மாட்டிவிடுகிறாள். சம்பளம் வாங்கித் தர வந்தவருக்கே சம்பளமில்லாமல் வேலை! சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

“மாமா, இது உங்களுக்குப் பத்தாது. ஒரு அளவு பெரிசு வேணும்” என்றாள்.

“அந்த அளவு இருப்பு இல்லம்மா” என்றார் முதலாளி. “போடப் போட விட்டுக்குடுக்கும், சார்.”

“விட்டுக்குடுக்கும், விட்டுக்குடுக்கும்” என்றார் விட்டுக்கொடுப்பதிலேயே காலம் கழித்த என் மைத்துனர்.

வீட்டுக்கு வந்தோம். புது ஷூவைக் கழற்றாமலே சோபாவில் சாய்ந்துகொண்டு, வாயெல்லாம் பல்லாக அறிக்கை வாசித்தார்.

“தங்கமான மனுஷன் மாப்பிள்ளை. பாவம், வியாபாரம் சரியில்ல. பையன் வேற படிக்கிறான். நம்ம பிரச்சினையே பெரிசுன்னு நெனச்சுட்டோம்.”

“சம்பளம் என்னண்ணா ஆச்சு?” என்றாள் என் மனைவி.

“அதக் கேக்கற மாதிரி சூழ்நிலையே இல்லம்மா. டீ வாங்கிக் குடுத்திருக்கான், அந்த நேரத்துல போய்க் காசு கீசுன்னு… அவன் என்ன நெனப்பான்? பணம் கூட வாங்கலையே! ‘ஷூ காச மெதுவா குடுங்க, உங்களத் தெரியாதா’ன்னுட்டான். என்ன நம்பி, முன்ன பின்ன தெரியாத ஆளு, கடனாக் குடுத்தான் பாரு!”

இந்த ரகத்தின் நோய் இதுதான். முன்பின் தெரியாத ஒருவர் நம்மை ஒரு நிமிடம் கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

மகள் மெதுவாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அவர் என்ன நெனப்பார்னு யோசிச்சீங்க. நான் என்ன நெனப்பேன்னு யோசிச்சீங்களா மாமா?”

மைத்துனரின் வாயிலிருந்த பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. மகளுக்கும் வந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சரி, விடுங்க. அந்த ஷூ காச என்கிட்ட குடுத்துடுங்க.”

“உன்கிட்டயா? கடைக்காரனுக்கு இல்ல குடுக்கணும்?”

“நீங்க அவருக்குத் தரணும். அவர் எனக்குத் தரணும். நடுவுல அவர் எதுக்கு?”

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “அவன் தப்பா…” என்று ஆரம்பித்தவர், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு பர்ஸை எடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்கு இருக்கும் மற்ற புகார்களில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

மகள் அங்கேயே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“சார், மாமா ஷூ காசு எனக்கு வந்துடுச்சு. என் சம்பளத்துல அதக் கழிச்சுக்குங்க.”

“அதெப்படிம்மா? அது வேற கணக்கு, இது வேற…”

“நீங்கதானே சார் ‘நம்ம வீட்டுப் பொண்ணு’ன்னு சொன்னீங்க? ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கணக்கு எதுக்கு சார்?”

அந்தப் பக்கம் இருமல்.

“மிச்சத்துக்கு எங்கப்பாவ கூட்டிட்டு வரேன், சார். அவரும் ஷூ வாங்கணும். அம்மாவுக்கும் செருப்பு தேவைப்படுது. எல்லாரும் மெதுவாவே குடுக்கறோம்.”

இருமல் நின்றது. “வேண்டாம்மா, அப்பாவுக்கு எதுக்குச் சிரமம்” என்றார் முதலாளி. மறுநாள் காலை மிச்சச் சம்பளம் ஒரு கடைப் பையன் கையில் வீடு தேடி வந்தது. மகள் அதை எங்களிடம் காட்டக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் நேராகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்து, “ஜன்னல் ஓர சீட்டு” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லாததால் மறைக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் மைத்துனர் வந்தார். கொஞ்சம் விந்தி விந்தி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா மாப்பிள்ளை? நான் போய்ப் பேசினதுக்கு அப்புறம்தானே வந்தது?”

மறுக்க முடியுமா? சொல்லுங்கள்!

“அண்ணா, கால் என்ன இப்படி வீங்கியிருக்கு?” என்றாள் என் மனைவி. “போய் மாத்திக்கிட்டு வந்தா என்ன?”

“சே சே! நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் போய் நின்னா அவன் என்ன நெனப்பான்?”

மகள் உள்ளே போனாள். காலிப் பெட்டியோடு வந்தாள்.

“கழட்டுங்க மாமா. நீங்க எதுவும் பேச வேண்டாம், நான் பேசிக்கிறேன்.”

உங்களுக்கு இப்போது யாரோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ நினைவுக்கு வந்திருப்பார், சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக வீட்டாருக்காக யாரிடமோ சண்டை போடக் கிளம்பிப் போனீர்களே, திரும்பி வந்தபோது முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள்? ‘பாவம், நல்ல மனுஷன்’ என்றா? அப்படியானால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். சத்தமில்லாமல் குனிந்து உங்கள் ஷூ எங்கேயாவது கடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.