டவுட்டு சாரின் பச்சைத் தவளை

பெங்களூரில் இருக்கிற மனிதர்களை எல்லாம் சந்தேகப்பட்டு முடித்துவிட்டு, ஆள் போதாமல் மீன்களையும் சந்தேகப்படத் தொடங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தொண்ணூறுகளின் நடுவில் காக்ஸ் டவுனில் நான் வேலை பார்த்த கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். எங்களுக்கெல்லாம் அவர் டவுட்டு சார். என் வயதுதான் அவருக்கும். இரண்டு பேருமே நாற்பதைத் தொட்டிருந்தோம்.

ஒருமுறை டைப்பிஸ்ட் அம்மா அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார். "என் பொறந்தநாள் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர், அடுத்த வருடம் முதல் அந்தத் தேதியில் லீவு போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திபெலேக்கு அப்பால் ஓர் ஏரியில் அவர் விரால் பிடிக்கிறார் என்று தெரிந்து, நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"யார் அனுப்புனாங்க உன்னை?"

"யாரும் இல்ல சார். சும்னே கத்துக்கலாம்னு."

"சும்னே யாரும் எதையும் கத்துக்க மாட்டாங்க குரு." எங்கள் பெங்களூர்ப் பேச்சில் சும்னே என்றால் சும்மா, குரு என்றால் நண்பா.

மூன்று வாரம் விசாரித்த பிறகு கூட்டிப்போனார். ஏரிக்கரையில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிய பொய் இரைகள். பாஸ் என்கிற மீனுக்காகச் செய்தவற்றை அமெரிக்காவிலிருந்து அவருடைய மச்சான் அனுப்பியிருந்தார்.

"பாஸ்னா எப்படி இருக்கும் சார்?"

"நம்ம விரால் மாதிரியே ஒரு கோவக்காரன். பசிச்சுக் கடிக்கிறதவிட, எவன்டா நம்ம ஏரியாவுலன்னு கடிக்கிறதுதான் ஜாஸ்தி. புதுசா வர்றவனுக்கு மூணு போதும். தண்ணி தெளிவா இருந்தா இந்த வெள்ளி ஸ்பூன், கரண்டி மாதிரி மினுக்குற தகடு. கலங்கியிருந்தா சத்தம் போடுற மஞ்ச மீனு. பாசி, அல்லி எல இருந்தா ரப்பர் தவளை. கொக்கி முதுகுப் பக்கம் இருக்கு பாரு, எலையில மாட்டாது."

"எப்படி இழுக்கிறது?"

"இழு, நிறுத்து. இழு, நிறுத்து. நிறுத்துறப்பதான் அவனுக்கு டவுட்டு வரும். கிட்ட வந்து பார்ப்பான்."

மத்தியானம், பச்சைத் தவளை கட்டிய தூண்டிலைக் கரையில் சாய்த்துவிட்டுப் புதர்ப் பக்கம் ஒதுங்கினார். தவளை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து நூலை இழுத்தார். நூல் மட்டும் வந்தது.

"சுத்தமா அறுந்திருக்கு," என்றார். பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

பையை உதறிக் காட்டினேன். செருப்பைக் கழற்றிக் காட்டினேன். மிச்சமிருந்த வெள்ளரிக்காயை அவரே பிளந்து பார்த்தார்.

மறுநாள் ஆபீஸ் முழுக்கச் சேதி பரவிவிட்டது. "ஏன் சார், ரப்பர் தவளையப் போயா?" என்று டைப்பிஸ்ட் அம்மா பரிதாபமாகக் கேட்டார். பதினோரு வருடத்தில் ஆபீஸிலிருந்து ஒரு குண்டூசி கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவன் நான். மனசு நொந்துவிட்டது. அவரோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை என் மேஜைக்கே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரணும். அதே எடம், அதே கத்தி, அதே மாதிரி வெள்ளரிக்காய். எப்படி நடந்துச்சுன்னு செஞ்சு பார்க்கணும்."

கோபத்தோடுதான் போனேன். அதே கல்லில் உட்காரவைத்தார். "நான் தூரத்த அளந்து முடிக்கிற வரைக்கும் உன் ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்," என்று வெள்ளி ஸ்பூன் கட்டிய இன்னொரு தூண்டிலை என்னிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார். இருந்த ஆத்திரத்தை எல்லாம் சேர்த்து வீசினேன். இழுத்தேன், நிறுத்தினேன். மூன்றாவது முறை நிறுத்தியபோது யாரோ கையிலிருந்து பிடுங்குவது போலத் தூண்டில் வளைந்தது.

டவுட்டு சார் விசாரணையைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கை நீள விராலைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். அதன் வாயின் ஒரு பக்கம் என் ஸ்பூன். மறு பக்கம், ஒரு சாண் நூலோடு பச்சைத் தவளை.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். தவளையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். என்னை வெகுநேரம் பார்த்தார்.

"இத இதுகிட்ட நீ எப்பக் குடுத்த?"

குரலில் பழைய வேகம் இல்லை. நான் வெள்ளரிக்காயை நறுக்கினேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "உப்பு இருக்கா?" என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாகப் போய், "தவளைய எடுத்தது மீனு. இவரு இல்ல," என்று சொல்லத்தான் செய்தார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிறு சாயங்காலம் ஏரியிலிருந்து திரும்பி வந்த பஸ்தான். பிக்பாக்கெட்டுக்குப் பயந்து பஸ்ஸில் கண்ணைச் சிமிட்டக்கூட யோசிக்கிற மனிதர், ஓசூர் ரோடு நெரிசலில் என் தோளில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். என் கை மரத்துவிட்டது. சட்டையெல்லாம் மீன் வாடை. நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது, போனது. நான் அவரை எழுப்பவில்லை.