கல்யாண கேசட்டில் வந்த கடல்பன்னி

தொண்ணூறுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாணம் செய்துகொண்ட யாருடைய கேசட்டிலும் தாலி கட்டுகிற காட்சி இருக்காது. காரணம், குளோசப் என்று பட்டப்பெயர் வாங்கிய எங்கள் தெரு வீடியோக்காரர். கெட்டிமேளம் கொட்டும்போது, பெண்ணின் அப்பா கண் கலங்குகிறாரா என்று கேமராவை அவர் மூக்கருகே கொண்டுபோய்விடுவார்.

கேட்டால் சண்டைக்கு வருவார். "தாலியைத்தான் ஊரே கண்டுச்சே! அந்த மனுசன் முகத்தை ஆரு கண்டா?"

கல்யாணம் இல்லாத நாளில் வெலிங்டன் தீவுப் படகில் ஏறி ஓங்கில் பிடிப்பார், கேமராவில்தான். டால்பின் என்கிற ஓங்கிலுக்கு எங்கள் ஊரில் பெயர் கடல்பன்னி. வலையைக் கிழிக்கும் என்று படகுக்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும்; அதற்காக யாரும் வலையை அறுக்கமாட்டார்கள். மாட்டினால் அறுத்து விடச்சொல்லிக் குளோசப் படகுத்துறையில் நின்று கெஞ்சினார். சிரித்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு ராகவன் சேட்டன் வலைப்படகு முதலாளி. அவர் மகளின் கல்யாண கேசட்டைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. மாலை மாற்றி முடித்ததும் டிவியில் திடீரென்று கடல். முதுகுத் துடுப்பு பிளந்த ஒரு தாய் ஓங்கில், அதன் விலாவை ஒட்டிக் குட்டி. பின்னணியில் நாதஸ்வரம். தாயின் கண்ணுக்கு ஒரு குளோசப். கல்யாணப் பெண்ணுக்குப் போட்ட அதே இதய வடிவச் சட்டம் அதற்கும்.

"எடா! என்ற மோளு கல்யாணத்துல கடல்பன்னிக்கு எந்தா காரியம்?" என்று சேட்டன் எகிறினார்.

"இருக்கட்டும் சேட்டா. தூரத்துல எடுத்தா அது வெறும் கடலு. முகம் கண்டா நம்ம ஆளு."

சேட்டன் அழிக்கச் சொன்னார். அழித்தால் பந்தியும் சேர்ந்து போய்விடும் என்று குளோசப் கையை விரித்தார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் கல்யாண கேசட்டைப் பார்க்காமல் சாயா கிடைக்காது. அந்தக் கேசட் ஓடி ஓடித் தேய்ந்தது. கொஞ்ச நாளில் சேட்டனின் மனைவியே, "இது மாப்பிள்ளையோட மாமன், இது அம்மையும் குட்டியும்" என்று வரிசையாக அறிமுகம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் காலை முகத்துவாரத்தில் சேட்டனின் புது வலையில் ஏதோ கனமாக மாட்டியது. இழுத்தால், பிளந்த துடுப்பு. வலைக்கு வெளியே குட்டி சுற்றிச் சுற்றி வந்தது.

"முதலாளி, இது நம்ம கேசட்ல உள்ளவளல்லே!" என்று ஆட்கள் அலறினார்கள்.

சேட்டன் கத்தியைப் பிடுங்கித் தானே வலையை அறுத்துத் தாயைக் குட்டியிடம் விட்டார். அறுத்து முடிக்கும்வரை திட்டியது முழுக்கக் குளோசப்பை.

படகுத்துறையில் கேட்ட சேதியை ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். மனுஷர் முதலில் கேட்டது, "அறுக்கறப்ப சேட்டன் முகத்தை ஆராவது எடுத்தாங்களா?"

இல்லை என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. அந்த முகத்தை மனசில்தான் வைத்திருக்கிறேன், மிகவும் கிட்டத்தில்.