பிரௌசர் படுத்திய பாடு

திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சேக் மைதீன் இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, திரும்பவும் குவைத்துக்கே போய்விடுவது. இரண்டு, அதை மனைவி ரோஷன் பேகத்திடம் விமானம் ஏறிய பிறகு சொல்வது. முதல் முடிவை எடுக்க ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவதற்கு வாய் கொப்பளிக்கிற நேரமே போதுமானதாக இருந்தது.

மனிதர் கல்யாணமான நாற்பத்தெட்டாம் நாள் ஃபிளைட் ஏறியவர். பத்தொன்பது வருஷம் குவைத்தில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. நாற்பது பேரை மேய்த்தவர். "சேக் பாய்" என்று யாராவது கூப்பிடாமல் அங்கே ஒரு துண்டுத் துணி மடங்காது. போதுமடா என்று ஆறு மாதத்துக்கு முன்னால் திருச்சி பாலக்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் அவருக்கு வேலையே இல்லை. கேஸ்காரர் ரோஷனைக் கேட்டார். வரி வசூலிக்க வந்தவர் ரோஷனைக் கேட்டார். மகள் ஷஹனாஸ் சென்னை ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "அத்தா நல்லாருக்கீங்களா அம்மாகிட்ட குடுங்க" என்று மூச்சுவிடாமல் ஒரே வார்த்தையாகச் சொன்னாள். ஃப்ரிட்ஜைத் திறந்தால், "என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். விருந்தாளியிடம் பேசுகிற குரல். ஃபேனுக்கென்று அவர் போட்ட சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் வாசல் விளக்கை எரிய வைத்தது. பட்டப்பகலில் எரியும் அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம், அது தான்தான் என்று தோன்றியது அவருக்கு.

பழைய கடையே ஆள் எடுக்கிறது என்று சேதி வந்தது. விண்ணப்பம் ஆன்லைனில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி. பத்து நாளுக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். நோன்புப் பெருநாள் சீசன்.

ஷஹனாஸ் விட்டுப்போன கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. அந்தத் தளம் போனில் திறக்கவில்லை, ஆகவே கம்ப்யூட்டரே கதி. திங்கட்கிழமையே முதல் பக்கத்தை நிரப்பிச் சேமித்தும் விட்டார். பெயர், பாஸ்போர்ட் எண், மொபைல் எண். ரோஷன் டீயோடு வரும் சத்தம் கேட்டது. மூடிவிட்டு, இல்லாத செய்தியைப் படிப்பவர்போல் உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பக்கத்துக்குப் போனார். படக். பிரௌசர் காணாமல் போயிற்று. மறுபடி திறந்தார். படக். இன்னொரு தடவை, மெதுவாக, பூனையைத் தடவுவதுபோல் மவுஸை நகர்த்தினார். படக்.

"என்னங்க, பொட்டி முன்னாடி உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் ரோஷன்.

"பிரௌசர் தானா மூடிக்குது."

"மூடிக்கிட்டா நல்லதுதானே. தூசி அடையாது."

"நீ சும்மா இரு. வேலையா இருக்கேன்."

"என்னத்தப் பாத்தீங்க, அது மூடிக்கிட்டுச்சு?"

"நியூஸ்."

"நியூஸுக்கே மூடிக்குதா. விவரமான பிரௌசராத்தான் இருக்கும்."

சேக் மைதீன் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் என்றால் ரோஷனின் தம்பி மன்சூர். எடமலைப்பட்டி புதூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். எந்தத் தளம் என்று அவனிடம் சொல்லவில்லை. "பொதுவா எல்லாமே மூடிக்குது" என்று சொல்லி வைத்தார்.

"கிராஷ் ஆவுது மச்சான். மொதல்ல கேஷைக் க்ளியர் பண்ணுங்க."

"கேஷா? அதை உங்கக்கா போன வாரமே க்ளியர் பண்ணிட்டாளேடா."

"அந்த கேஷ் இல்ல மச்சான். பிரௌசருக்குள்ள இருக்குற கேஷ்."

"அதுக்குள்ளயும் வச்சிருந்தாளா?"

அது வேறு இது வேறு என்று புரிய வைக்க மன்சூருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு குக்கீஸை அழிக்கச் சொன்னான். பிறகு ஹிஸ்டரியை. எவ்வளவு காலத்தை அழிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. கடைசி ஒரு மணி நேரமா, கடைசி ஏழு நாளா, எல்லாக் காலமுமா?

"எல்லாக் காலத்தையும் அழிச்சுருங்க மச்சான். ஒண்ணும் இருக்காது, சுத்தமாயிரும்."

அந்த வரியையே சேக் மைதீன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமுக்கினார். எல்லாக் காலமும் இரண்டு விநாடியில் போய்விட்டது. மறுபடி விண்ணப்பத்துக்குப் போனார். படக்.

புதன்கிழமை பிரௌசரையே பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னான் மன்சூர். போட்டார். பழைய பாஸ்வேர்டு, பழைய புக்மார்க் எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்தன. பழைய வியாதியும் கூடவே வந்து உட்கார்ந்தது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், மற்றதெல்லாம் அமோகமாக ஓடியது. காந்தி மார்க்கெட் வெங்காய விலை திறந்தது. நாளை மழை வருமா என்பது திறந்தது. யாரோ ஒரு பெண் நாற்பது நிமிஷம் பரோட்டா வீசுகிற வீடியோ ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது. விண்ணப்பத்துக்குப் போனால் மட்டும் படக்.

"நாளைக்குப் பாக்கலாம் மச்சான்" என்றான் மன்சூர். அவன் எல்லா நாளும் அதையேதான் சொன்னான்.

வியாழக்கிழமை சேக் மைதீன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். பாலக்கரையில் எந்த பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தாலும், அவர் வெளியே வருவதற்குள் சேதி ரோஷனின் அடுப்படிக்குப் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் அவருக்குச் சொந்தக்காரர் எவரும் கிடையாது. வடக்குச் சித்திரை வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் கடை. நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. தேவரீருக்கு என்ன ஆகணும்?"

பத்தொன்பது வருஷத்தில் தன்னை யாரும் தேவரீர் என்றதில்லை என்பதால் சேக் மைதீன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். தளம் திறந்தது. மூடவில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாஸ்வேர்டு சாதிக்கணும்." சொல்லணும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாதுங்க."

"பின்னே யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதுவே போட்டுக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுசா ஆரம்பிக்கலாம்னா ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரு தரம்தான்னு போட்டிருக்கான். பாஸ்வேர்டை மாத்தணும்னா அவா ஆபீசுக்கு மெயில் போடணும். ரெண்டு நாள் ஆகும்."

"நாளைக்கே கடைசிங்க."

"அப்போ பகவத் சங்கல்பம் வேற மாதிரி இருக்குன்னு தோண்றது."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. எதையும் கவனிக்கவில்லை சேக் மைதீன். மீதி ஆயுள் முழுக்கத் தப்பான சுவிட்சைப் போட்டுக்கொண்டு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததிலிருந்து மன்சூருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. பதினோரு தடவை எடுக்கவில்லை. மணி நாலேகால் ஆகும்போது காக்கா என்று அவர் அண்ணன் முறையில் கூப்பிடும் பக்கத்து வீட்டு பரக்கத் அலி எட்டிப் பார்த்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஸ்க்ரூடிரைவர். எங்கே எது மக்கர் செய்தாலும் அவருக்கு வாசனை வந்துவிடும்.

"என்ன சேக்கு, ட்ரௌசர் ரிப்பேராமே?"

"ட்ரௌசர் இல்ல காக்கா. பிரௌசர்."

"எதா இருந்தா என்ன, ரெண்டும் சமயத்துல கழண்டுக்கும். சொல்லு. வண்டி எங்கெங்க நல்லா ஓடுது?"

"எல்லா எடத்துலயும் ஓடுது. ஒரே ஒரு எடத்துலதான் நின்னு போவுது."

பரக்கத் அலி ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகினார். "அப்ப எஞ்சின்ல கோளாறு இல்ல. நூறு ஸ்டேஷன் தாண்டுற வண்டி ஒரே ஒரு ஸ்டேஷன்ல மட்டும் நிக்குதுன்னா, யாரோ அங்க சிகப்பு சிக்னல் போட்டு வச்சிருக்கான்னு அர்த்தம். கம்பெனி சாமான் போக, வெளியாள் கொண்டாந்து மாட்டுன சாமான் எதுவும் இருக்கான்னு தேடு."

சேக் மைதீன் தேடினார். பிரௌசரின் மேல் மூலையில் புதிர்த் துண்டுபோல் ஒரு சின்னப் படம் இருந்தது. எக்ஸ்டென்ஷன்கள் என்றது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திறந்தார். "எந்தச் சொல் வந்தால் பக்கத்தை மூட வேண்டும்?" என்று ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல்.

குவைத்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் கண்ணாடி கொண்டுவராத பரக்கத் அலி.

"ஒண்ணுமில்ல காக்கா. ஏதோ வைரஸ்."

அவரை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது எல்லாம் விளங்கியது. திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட வந்த மன்சூர், "ஒரு மெயில் பாத்துக்கிறேன் மச்சான்" என்று பத்து நிமிஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாலு நாளாகக் கேஷ், குக்கீஸ், ஹிஸ்டரி என்று ஓடவிட்டவனும் அவனேதான். அவன் அக்கா சொல்லாமல் அவன் தும்மக்கூட மாட்டான். ஆனால் அவளுக்கு எப்படித் தெரிந்தது?

கோபப்பட நேரமில்லை. மணி நாலு நாற்பது. அந்தச் சாமானைக் கழற்றி எறிந்தார். தளம் திறந்தது. இரண்டாம் பக்கம் திறந்தது. மூன்றாவது, நான்காவது. பத்தொன்பது வருஷ அனுபவத்தை எட்டு வரியில் அடித்தார். போட்டோவை ஏற்றினார். நாலு ஐம்பத்தாறுக்கு, 'சமர்ப்பி' என்ற பச்சைப் பொத்தானை பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கினார்.

"46 என முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது. மூன்று நிமிடங்களுக்குள் பதிவிடவும்."

தன் போனைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவருடைய எண் 09 என முடியும். அடுப்படியிலிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை, முதல் பக்கம், மொபைல் எண். பத்தொன்பது வருஷமாக அந்த விரல்கள் அழுத்திப் பழகிய இந்திய எண் ஒன்றே ஒன்றுதான். ரோஷனுடைய எண். ஆறு மாதமாக வைத்திருக்கும் தன் எண்ணைச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்வார். விரல் தனக்குத் தெரிந்ததை அடித்துவிட்டது.

அடுப்படிக்கு ஓடினார். ரோஷன் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூச்சு வாங்குது?"

"உன் போனைக் குடு."

"அந்தா, அரிசி டப்பா மேல இருக்கு. எடுத்துக்கங்க." குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "திங்கக்கிழமையே ஒரு மெசேஜ் வந்துச்சு. குவைத் வேலைக்கு விண்ணப்பிச்சதுக்கு நன்றி சேக் மைதீன்னு. மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க."

போனைத் தொட்டார். ஒரு மெசேஜ் வந்திருக்கிறது என்று காட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நாலு இலக்க லாக் நம்பர் கேட்டது.

"நம்பர் என்ன ரோஷன்?"

"வருஷம்தாங்க. கல்யாணத்துக்கப்புறம் நீங்க இந்த வீட்ல நோன்புப் பெருநாள் கொண்டாடுன வருஷம்."

இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. 2009 என்று அடித்தார். தப்பு. ஷஹனாஸ் சின்னப் பிள்ளை, பச்சைப் பட்டுப் பாவாடை, கையெல்லாம் மருதாணி, கேமராவுக்கு நேராகக் கையை நீட்டுகிறாள். அது 2012. தப்பு. தப்புத்தான், அது போனில் பார்த்தது. 2016இல் லீவு கிடைத்தது. இல்லை, சீசன் என்று முதலாளி கடைசி நாளில் டிக்கெட்டை மாற்றினார். இருந்தாலும் அடித்தார். தப்பு. 2020 கொரோனா. அந்தப் பெருநாளுக்கு ஒரே அறைக்குள் எட்டுப் பேர், ஒரு டப்பா சேமியா. 2018 என்று அடித்தார். தப்பு. பெருநாள் என்றால் துணிக்கடைக்குச் சீசன். சீசன் என்றால் லீவு இல்லை. ஒரு வருஷமாவது இருந்திருக்கும். இருக்காமல் போகுமா? 2023. தப்பு. 'முப்பது விநாடி கழித்து முயலவும்' என்றது போன்.

ரோஷன் இஞ்சியைக் கொதிக்கிற டீயில் போட்டாள். வடிகட்டியைத் தேடினாள். அடுப்பைக் குறைத்தாள். கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது.

சேக் மைதீன் போனை நீட்டினார். "எந்த வருஷம்னு நீயே சொல்லிரு. எனக்கு ஞாபகம் வரல."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவர் பார்க்கட்டும் என்று மெதுவாகவே அமுக்கினாள். சைபர். சைபர். சைபர். சைபர். திறந்துகொண்டது.

"அப்படி ஒரு வருஷம் இன்னும் வரலீங்களே. அடுத்த மாசம் பெருநாள் வந்ததும் நம்பரை மாத்திக்கிறேன்."