நான்கு சிம்மும் ஒரு ஜன்னலும்

மனிதகுலத்தைக் குகையிலிருந்து வெளியே கொண்டுவந்தது நெருப்பு என்று சொல்கிறார்கள். தவறு. மூன்று கொட்டேஷன் வாங்கும் வழக்கம்தான் கொண்டுவந்தது. நெருப்பைக் கண்டுபிடித்தவன் வேறு இரண்டு பேரிடமும் விலை கேட்டிருந்தால் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்குமே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிற ஒரே மனிதர் நம் பர்ச்சேஸ் ஆபீசர்.

பம்புசெட் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவு அவர் கையில் இருந்தது. குண்டூசி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன், ஓர் ஒப்பீட்டு அட்டவணை, அதில் எது குறைந்த விலையோ அது. ஒருமுறை கிடங்கில் தீப்பிடித்தபோது, தீயணைப்புக் கருவிக்கு மூன்றாவது கொட்டேஷன் வந்து சேர்ந்திருக்கவில்லை. எரிய வேறு எதுவும் இல்லாததால் தீ தானாகவே அணைந்தது. கருவிக்கான செலவை மிச்சப்படுத்தியதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது.

வீட்டிலும் அதே ஆட்சிதான். மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் காற்றடித்தால் உட்பக்கம் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். புதுத் தாழ்ப்பாளுக்கு இரண்டு கொட்டேஷன் வந்தாயிற்று. மூன்றாவதற்காகக் குடும்பமே காத்திருந்தது.

அவர் மனைவி முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டுத் தொழில் நடத்திவந்தார். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் சீருடை முழுவதையும் தைக்கிற ஆர்டருக்கு விலை கொடுத்திருந்தார். பள்ளி ஆபீசிலிருந்து போன் வரவேண்டியதுதான் பாக்கி. வந்தால் பக்கத்துத் தெருவில் சொந்தக் கடை. மனதுக்குள் அவர் அந்தக் கடைக்குத் திரைச்சீலைகூடத் தைத்து மாட்டிவிட்டார்.

அப்போதுதான் ரீசார்ஜ் முடிகிற நாள் வந்தது.

"என்னங்க, போன தடவ போட்டதையே போட்டுருங்க."

ஆபீசருக்குக் காபி புரையேறியது. "போன தடவ போட்டதையேவா? காரணமில்லாம ஒரே கம்பெனிக்குக் குடுத்தா அதுக்குப் பேரு பாரபட்சம்."

"கூப்பிட்டா பேச முடியுது. அது காரணம் இல்லையா?"

"அது உன் அனுபவம். அனுபவத்த அட்டவணைல எந்தக் கட்டத்துல எழுதுறது?"

அன்று மாலையே 'குறைந்த கட்டணக் கைபேசித் திட்டங்களை ஒப்பிட்டு ஆராயும் உயர்மட்டக் குழு' அமைந்தது. தலைவர் அவர். உறுப்பினர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மச்சான் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் விலை கூவினால் நான்கு தெரு தள்ளி இருப்பவர்கள்கூடத் தெரியாமல் தலையாட்டி வெங்காய மூட்டைக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள்.

நான்கு நிறுவனங்களின் சிம் கார்டுகள் தொழிற்சாலை நண்பர்களிடமிருந்து இரவல் வந்தன. ரகசியம் காக்கும் பொருட்டு அவற்றுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் சூட்டப்பட்டது. 'அ' அளவில்லாப் பேச்சு தந்தது. அளவு அடியில் பொடி எழுத்தில் இருந்தது. 'ஆ' இணையத்தை வாரி வழங்கியது, எல்லாரும் தூங்குகிற நேரத்துக்கு மட்டும். 'இ' கூப்பிடுகிறவர்களுக்குப் பாட்டுப் போட்டது. 'ஈ' எல்லாவற்றையும்விட மலிவு. அது எதுவுமே தரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. அந்த நேர்மை ஆபீசரை உருக்கிவிட்டது.

அடுத்தது 'களச் சோதனை'. மச்சான் எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தடியில் நின்று கூப்பிடுவார். ஆபீசர் முன்னறை ஜன்னலோரம் ஒவ்வொரு சிம்மாகப் போட்டுக் காதில் வைத்துக்கொள்வார். காற்றுக்காக ஜன்னல் திறந்திருந்தது.

"மாப்ள! கேக்குதா?"

"கேக்குது மச்சான்!"

அ, ஆ, இ மூன்றும் தேறின. 'ஈ'யின் முறை வந்தபோது மணியே அடிக்கவில்லை. "ஒலி மாசு இல்லை" என்று ஆபீசர் எழுதிக்கொண்டார்.

"மாப்ள! இதுல யாரோ ஒரு பொம்பள தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு பேசுது!"

"கூடுதல் சேவை போலிருக்கு. அத விடுங்க. நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

"கணீர்னு கேக்குது! உங்களுக்கு?"

"பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு மச்சான்!"

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "நீங்க ஜன்னல் வழியா கேக்குறீங்கங்க!"

ஆபீசர் கனிவோடு திரும்பினார். சட்டம் தெரியாதவர்களிடம் அவர் என்றைக்குமே கோபப்பட்டதில்லை. "ஜன்னல் நாலு கம்பெனிக்கும் பொது. ஒருத்தருக்குத் திறந்து ஒருத்தருக்குச் சாத்துனாத்தான் தப்பு."

நான்கும் நூற்றுக்கு நூறு. ஆக, விலை எதில் குறைவோ அதுவே வெற்றி. மனைவி துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவர் நம்பர் மாறாமல் கம்பெனியை மட்டும் 'ஈ'க்கு மாற்றும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆபீசர் தன்னுடைய நம்பரையும் சேர்த்தே மாற்றிக்கொண்டார். தலைவர் என்றால் முன்மாதிரி வேண்டுமல்லவா?

அதன்பின் வீட்டில் தெய்வீக அமைதி. கடன் வேண்டுமா என்று எவனும் கேட்கவில்லை. 'ராங் நம்பர்' ஒன்றுகூட இல்லை. "பாத்தியா, ஒரு தொல்லை உண்டா?" என்று ஆபீசர் பூரித்தார். மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டே தைத்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார், குளிக்கப் போனால் கதவோரம் வைத்தார். அது கல்லாகவே கிடந்தது.

வார இறுதியில் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கே நடந்து போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பின்னாலேயே மச்சானும் வந்து நின்றார், வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமில்லாமல்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார் ஆபீசர்.

"என் விலைதான் இருக்கறதுலயே கொறச்சலாம். மூணு நாளா கூப்பிட்டாங்களாம். எல்லைக்கு வெளியேன்னே வந்துச்சாம். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ரெண்டாவதா விலை குடுத்தவருக்குக் குடுத்துட்டாங்க. அவரு மொத மணியிலயே எடுத்தாராம்."

அழவில்லை. அழுதிருந்தால் ஆபீசருக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். மனைவி தான் தைத்து வைத்திருந்த மாதிரிச் சட்டை ஒன்றை எடுத்து, பட்டனை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ஆபீசர் ஒப்பீட்டு அட்டவணையைக் கையில் எடுத்தார். ஆனால் பிரித்த பட்டனுக்கு அதில் கட்டம் கிடையாது.

"சோதனைல தேறுன கம்பெனி எப்படித் தப்பாகும்?" என்று எழுந்தார். "மாடியில பிரமாதமா எடுக்கும். நிரூபிச்சுக் காட்டறேன், இரு."

படியேறி மொட்டைமாடிக்குப் போனார். போனைத் தலைக்குமேல் உயர்த்திக் கிழக்கே காட்டினார், மேற்கே காட்டினார், தண்ணீர்த்தொட்டிமேல் ஏறி நின்றும் காட்டினார். சிக்னல் கோடு ஒன்றுகூட எழவில்லை. காற்று மட்டும் எழுந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

முதல் மழைத்துளி அவர் வழுக்கையில் விழுந்தது. சிக்னல் கோடு ஒன்று கணநேரம் எட்டிப்பார்க்க, மனைவியின் நம்பரை அழுத்தினார். அந்தக் 'கூடுதல் சேவை'ப் பெண்மணி இனிமையாகத் தொடர்பு எல்லையைப் பற்றிச் சொன்னார். மச்சானைக் கூப்பிட்டார். 'ஈ' இந்தமுறை அந்தப் பெண்மணியைக்கூட அனுப்பவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தார். கீழே முன்னறை ஜன்னல் வழக்கம்போலத் திறந்திருந்தது.

"இந்தாம்மா! மாடிக்கதவு பூட்டிக்கிச்சு! கேக்குதா?"

மெஷின் நின்றது.

"கணீர்னு கேக்குதுங்க!" என்றது மனைவியின் குரல். "பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு. நீங்க சொன்னது சரிதான், சிக்னல் பிரமாதம்."

"மழை வலுக்குது! மேல வந்து கதவத் திற!"

"திறக்காம இருப்பேனா? திறந்துவிட அண்ணன் ஒரு விலை சொல்லியிருக்காரு. நானும் ஒண்ணு சொல்லியிருக்கேன்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

"மூணாவது கொட்டேஷன் வரட்டுங்க."